பொம்மைக்குக் கோபம் வரலாமா?

டீச்சரிடம் கேளுங்கள்
(பதில் தருபவர் கல்லடியில் நெடுங்காலம் முன்பள்ளி நடத்தியவர், இப்போது துணிப் பொம்மை தைக்கிறார்.)

கேள்வி: டீச்சர், சுவிஸில் இருக்கிற அண்ணா மகனுக்கு ஒரு பெட்டி லெகோ விளையாட்டுக் கட்டைகள் அனுப்பியிருக்கிறார். அதில் உள்ள சின்ன ஆள் பொம்மைகளில் பாதிப் பேருக்கு முறைத்த முகம், பல்லைக் கடித்த முகம். ஐந்து வயது மகன் அவர்களை வைத்து ஒரே சண்டை பிடிக்கிறான். "இதைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை முரடனாகிவிடும், எறிந்துவிடு" என்கிறார் மாமி. எறியவா?
ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: எறியாதீங்க மகள். மாமியின் கண்ணில் பட்டது சரிதான். 1978இல் லெகோவின் அந்தச் சின்ன ஆள் வந்தபோது எல்லாருக்கும் ஒரே முகம். இரண்டு கறுப்புப் புள்ளி, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். பொலிஸ்காரருக்கும் அதே சிரிப்பு, விண்வெளிக்குப் போகிறவருக்கும் அதே சிரிப்பு. 1989இல் கடற்கொள்ளையர் வந்த பிறகுதான் முகங்கள் விதவிதமாக மாறத் தொடங்கின.

நியூசிலாந்தின் கன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோப் பார்ட்னெக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 2010 வரை வந்த 3655 லெகோ உருவங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் இருந்த 628 வகைத் தலைகளை ஆட்களுக்குக் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டு, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சிரிப்பும் கோபமும்தான் கூடுதல். ஆண்டு போகப் போகச் சிரித்த முகத்தின் பங்கு குறைந்து வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் அளந்தது பொம்மையின் முகத்தை. அதை வைத்து விளையாடும் பிள்ளையை அல்ல. கோப முகம் பிள்ளையை முரடாக்கும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டில் சண்டை சச்சரவு பார்த்து வரும் ஒரு பிள்ளை, முன்பள்ளியில் சிரித்த முகப் பபாப் பொம்மையை எடுத்து "அழு, அழு" என்று அடிக்கும். பொம்மை சிரித்தபடியே இருக்கும். பிள்ளைக்கு ஆத்திரம் இன்னும் ஏறும். வாய் கீழே வளைந்த முகத்தோடு ஒரு பொம்மை தைத்து அலுமாரியில் வைத்தேன். அந்தப் பிள்ளை அதைத்தான் தேடி எடுத்தது, மடியில் வைத்துத் தடவிக் கொடுத்தது. எந்நேரமும் சிரிக்கும் பொம்மையிடம் பிள்ளை தன் துக்கத்தை எப்படிச் சொல்லும்? விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர் நம்முடையது. போரும் அழுகையும் இல்லாத வடமோடிக் கூத்து ஏது?

சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு முதலில் பிடிபடும். கோபமும் சோகமும் அதற்கடுத்து. பயமும் ஆச்சரியமும் பிந்தித்தான். இவற்றைப் பழகக் கையில் முகங்கள் வேண்டும். சில லெகோத் தலைகளுக்குப் பின்பக்கமும் ஒரு முகம் உண்டு. முடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சண்டை நடக்கும்போது "கோபப்படக் கூடாது" என்று சொல்லாமல், "இவருக்கு ஏன் கோபம்? யார் என்ன செய்தது?" என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். மகன் காரணம் சொல்வான். அந்தக் கதையைக் கேட்க மாமியையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முகம் வரைந்த பொம்மை வைப்பதில்லை. மகளுக்குக் கண், வாய் இல்லாமல் ஒரு துணிப் பொம்மை தைத்துக் கொடுத்தேன். பிள்ளை பயந்துவிடும் என்று அயலில் சொல்கிறார்கள். உண்மையா?
ஓர் உம்மா, சாய்ந்தமருது

பதில்: மகள் அதைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறாளா? அப்படியென்றால் அயலார் பேச்சை விடுங்கள் தங்கச்சி. அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் பிள்ளைகள் முகமில்லாத துணிப் பொம்மைகளோடுதான் வளர்ந்தார்கள். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய வால்டோர்ஃப் பள்ளிகளின் பொம்மைக்குக் கண்ணும் வாயும் புள்ளி அளவுதான். முகத்தில் குறைவாக இருந்தால், மிச்சத்தைப் பிள்ளை தன் மனதால் நிரப்பும் என்பது அந்தப் பள்ளிக்காரர் எண்ணம். எனக்கும் அதுவே எண்ணம்.

கழுத்தில் மட்டும் கவனம் வையுங்கள். பஞ்சை இறுக்கி அடைத்தால் தலை விறைத்து நிற்கும். கொஞ்சம் தளர்வாக விட்டால் தலை குனியும், சாயும், நிமிரும். ஜப்பானின் 'நோ' என்னும் பழைய முகமூடி நாடகத்தில் மரமுகமூடி அசையாது. நடிகர் சற்று நிமிர்ந்தால் அது மலர்வது போலவும், குனிந்தால் வாடுவது போலவும் தெரியும். முகமே இல்லாத உங்கள் பொம்மைக்கும் தலை சாய்ந்தால் கவலை வரும்.

கேள்வி: விற்பனைக்குப் பொம்மை தைக்கிறேன். வாயை எவ்வளவு வளைத்தாலும் முகம் சோகமாகவே இருக்கிறது. ஏன்?
ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: வாயை விடுங்கள், புருவத்தைப் பாருங்கள். மூக்குப் பக்கம் இருக்கும் நுனி மேலே ஏறினால் கவலை. அதே நுனி கீழே இறங்கினால் கோபம். வாய் எப்படிச் சிரித்தாலும் பார்ப்பவர் புருவத்தைத்தான் நம்புவார். கண்ணை முகத்தின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, விலக்கி வைத்து, நெற்றியை அகலமாக விடுங்கள். குழந்தை முகம் தானாக வரும். மூக்கு தேவையில்லை. 1974இல் வந்த பிளேமொபில் என்ற பிளாஸ்டிக் பொம்மைக்கும் மூக்கில்லை, குறையாகவும் தெரியவில்லை.

தைக்கும் முன் புருவத்துக்குக் கறுப்பு நூல் துண்டுகளைக் குண்டூசியால் குத்தி வைத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு பிள்ளையிடம் காட்டி, இவ என்ன நினைக்கிறா என்று கேளுங்கள். "அழப்போறா" என்று சொன்னால் புருவத்தின் உள் நுனியை ஒரு நூல் அளவு இறக்கி, திரும்பவும் காட்டுங்கள்.