அலுமினியப் பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டுமா? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் மண்டபத்தில் பாத்திரக் கம்பெனி ஒன்று முகாம் போட்டது. அலுமினியத்தில் சமைத்தால் அல்சைமர் வரும் என்று வீடியோ காட்டி, பழைய குக்கர், சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் புது செட் தருகிறார்கள். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பயத்துக்காக வாங்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு இருந்த நோய் பரம்பரையாக உங்களுக்கு வர வழியில்லை. உங்கள் கணவருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம், அதுவும் கட்டாயம் வரும் என்பதில்லை.

இந்த அலுமினியப் பேச்சுக்கு அறுபது வயதாகிறது. 1965-இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தினார்கள், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் காணப்படுவதைப் போன்ற நார் முடிச்சுகள் நரம்பணுக்களில் உண்டாயின. 1973-இல் கனடாவின் டொரான்டோ ஆய்வாளர்கள், அல்சைமரில் இறந்த சிலரின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக எழுதினார்கள். அதே காலத்தில் டயாலிசிஸ் செய்துகொண்ட சிலருக்குப் பேச்சு குழறி, நினைவு தவறியது. டயாலிசிஸ் தண்ணீரிலும் மருந்திலும் இருந்த அலுமினியம்தான் காரணம் என்று தெரிந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். வீடியோக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். முயலுக்கு வந்த முடிச்சின் அமைப்பு வேறு, அல்சைமர் முடிச்சின் அமைப்பு வேறு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வந்ததும் அல்சைமர் அல்ல. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தில் அலுமினியம் நேரடியாகக் கலந்ததால் வந்த வேறு நோய் அது. நாம் சாப்பாட்டோடு விழுங்கும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் ஏறாது. ஏறுவதிலும் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினிய ஹைட்ராக்சைடு கலந்த ஜெல் மருந்தில், ஒரு வேளை அளவிலேயே பாத்திரத்திலிருந்து வருவதைவிடப் பல மடங்கு அலுமினியம் இருக்கிறது. அதை வருடக்கணக்கில் குடித்தவர்களிடமும் அல்சைமருக்கு உறுதியான தொடர்பு தென்படவில்லை.

சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருந்த பகுதிகளில் மறதி நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததாக பிரான்சில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் தண்ணீரில் கண்ட அந்தத் தொடர்பைக் குக்கருக்குப் பொருத்த முடியாது. பதினெட்டாயிரம் ரூபாய்க்கு அது ஆதாரமும் ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியது சுலபம். புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு, ஊறுகாய் ஆகியவற்றை அலுமினியத்தில் வைக்காதீர்கள். புளி கொதித்த அலுமினியச் சட்டியின் உள்பக்கம் பளபளவென்று வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்தின் மேல் தானாகப் படிந்து அதைக் காக்கும் படலம் கரைந்துபோனதால் வரும் வெளுப்பு அது. கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தாலும் அந்தப் படலம் போய்விடும். குக்கருக்குள் எவர்சில்வர் டப்பா வைத்துச் சோறு வடிப்பவர்கள் கவலையே படவேண்டாம். குழிகுழியாக அரித்துப்போன சட்டியை மட்டும் கழித்துவிடுங்கள். சிறுநீரக நோயாளி வீட்டில் இருந்தால் விஷயம் வேறு. அவருக்கு அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் அந்த ஜெல் மருந்தும் வேண்டாம்.

கேள்வி: மகளின் சீர்வரிசைக்கு ஈயச்சொம்பு வாங்கப் போனேன். ஒரு கடையில் சொன்ன விலையில் பாதிக்கு அடுத்த கடையில் தருகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எதை வாங்குவது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பாதி விலைச் சொம்பை வாங்காதீர்கள். ஈயச்சொம்பு, அதாவது ரசம் வைக்கும் சொம்பு, வெள்ளீயத்தில் (டின்) செய்ய வேண்டியது. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போல் (லெட்) பத்து மடங்குக்கும் மேல். ஆகவே விலை குறைந்தால் காரீயம் கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சூடும் புளிப்பும் சேர்ந்த ரசத்தில் காரீயம் நன்றாகவே கரையும்.

அலுமினியத்துக்குப் பயப்படும் வீடுகள் காரீயத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மூளைக்குக் காரீயம் செய்யும் கெடுதி பற்றிச் சந்தேகமே கிடையாது. குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கும், பெரியவர்களுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடம்பில் சேர்ந்தது எலும்புக்குள் போய்ப் பல ஆண்டுகள் தங்கிவிடும். வயதாகி எலும்பு தேயும்போது மறுபடி ரத்தத்துக்கு வரும். குட்டியாக இருந்தபோது காரீயம் கொடுக்கப்பட்ட குரங்குகளைப் பெரிதானபின் ஆராய்ந்ததில், மூளையில் அல்சைமரைப் போன்ற மாற்றங்கள் இருந்ததாக 2008-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மனிதருக்கும் அப்படியே நடக்கிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஏற்கனவே தெரிந்த கெடுதியே போதும்.

கடையில் எடை போட்டு, ‘வெள்ளீயம்’ என்று எழுதிய பில் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். காகிதத்தில் தேய்த்துப் பார்ப்பது, வளைத்துச் சத்தம் கேட்பது எல்லாம் கலப்பு உலோகத்தில் ஏமாற்றும். தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்-கதிர் கருவியின் வகைதான் காரீயத்தையும் காட்டும். அந்த வசதி உள்ள சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நிச்சயமான வழி. பித்தளைக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இண்டாலியம் என்கிற அலுமினியக் கலப்பு உலோகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த பாத்திரங்களில் காரீயம் கலந்துவிடுவது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. இந்தியாவிலிருந்து போன சில இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்கக்கூடும் என்று 2025-இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை எச்சரித்தது. எல்லா இண்டாலியமும் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. முத்திரை இல்லாமல் எடைக்கு விற்கும் சட்டியைத் தவிர்க்க இது போதுமான காரணம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-இல் ஆணை போட்டிருக்கிறது. பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ராத்திரி முழுக்கக் கொசுவத்தி வைத்துத்தான் தூங்குகிறோம். இதுவும் மூளைக்குக் கெடுதலா? (வாசகி, எண்ணூர்)

பதில்: ஜன்னலைச் சாத்திவிட்டு வைத்தால் கெடுதல்தான். ஒரு சுருள் முழுக்க எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்த அளவுக்கு நுண்துகள் வருவதாக 2003-இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. காற்று மாசு மறதி நோயின் ஆபத்துக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-இல் சேர்த்தது. 2024-இல் அந்தப் பட்டியல் 14 காரணிகளாக வளர்ந்தது. காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல் எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது குழுவின் கணக்கு. அந்தப் பதினான்கில் அலுமினியம் இல்லை.

காற்று மாசையும் மறதி நோயையும் இணைத்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிக்காற்றைப் பற்றியவை, கொசுவத்தியைத் தனியாகப் பார்த்தவை அல்ல. இருந்தாலும் துகள் துகள்தான். வெளிக்காற்றை நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது, படுக்கையறைக் காற்றை மாற்றலாம். நல்ல கொசுவலை ஒன்றும் ஜன்னலுக்கு வலையும் போடுங்கள். இந்தப் பதில்களில் நான் மனதார வாங்கச் சொல்லும் பொருள் இதுதான்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஆறு மாதமாக மறதி. ஒரு மையத்தில் முடியைப் பரிசோதித்து, உலோக நச்சு இருக்கிறது, பத்து முறை டிரிப்ஸ் ஏற்றிக் கழுவிவிட்டால் அல்சைமர் சரியாகிவிடும் என்கிறார்கள். மொத்தம் ஒன்றரை லட்சம். கடன் வாங்கியாவது செய்யலாமா? (வாசகர், சேலம்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முறைக்கு ‘கீலேஷன்’ என்று பெயர். ரத்தப் பரிசோதனையில் காரீய விஷம் உறுதியானவர்களுக்கு மருத்துவமனையில் செய்யும் முறையான சிகிச்சை அது. அல்சைமரைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முடியைப் பார்த்து மட்டும் உலோக நச்சு என்று முடிவு கட்டவும் முடியாது. தவறான மருந்தை ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இப்படி மூன்று பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது, அதில் இருவர் குழந்தைகள்.

அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகியவற்றாலும் மறதி வரும், அவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை. காதையும் பரிசோதியுங்கள். அல்சைமர் என்றே தெரிந்தாலும் அந்த ஒன்றரை லட்சம் பராமரிப்புக்கு வேண்டியிருக்கும்.

அந்த மையம் தந்த நோட்டீஸ், ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறான விளம்பரம் என்று புகார் கொடுக்கலாம், முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேட்கவும் அவர்கள் வழி சொல்வார்கள்.