எந்த ஊரில் பால்வினை நோய் அதிகம்? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊரைப் பற்றியவை. இந்த மாநிலத்தில் ஏன் அதிகம், அந்த மாவட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வங்கி வேலையில் மிசோரம் மாநிலம் ஐஸாலுக்கு மாற்றல் வந்திருக்கிறது. அங்கே எச்.ஐ.வி. மிக அதிகம் என்று படித்தேன். மனைவி, குழந்தையை அழைத்துச் செல்லலாமா? (மதுரை)

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் படித்தது உண்மைதான். 2021 மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயதுள்ளவர்களில் மிசோரத்தில் நூற்றுக்கு 2.70 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. நாகாலாந்தில் 1.36, மணிப்பூரில் 1.05. இந்தியா முழுவதற்கும் சேர்த்தால் 0.21தான். மிசோரத்தின் விகிதம் நாட்டின் சராசரியைப் போல ஏறத்தாழ 13 மடங்கு.

காரணத்தை நிலப்படத்தில் பார்க்கலாம். இந்த மூன்று மாநிலங்களும் மியான்மர் எல்லையில் இருக்கின்றன. அந்த எல்லை வழியாக ஹெராயின் வந்தது. இளைஞர்கள் ஒரே ஊசியைப் பலராகப் பகிர்ந்துகொண்டார்கள். ஊசியில் ஒட்டியிருக்கும் துளி ரத்தம் போதும். உடலுறவைவிடப் பல மடங்கு எளிதாக ஊசி வழியே கிருமி கடத்தப்படும். 1980களின் இறுதியில் மணிப்பூரில் இப்படித்தான் தொற்று வேகமாகப் பரவியது. பிறகு ஊசி போட்டுக்கொண்டவர்களிடமிருந்து, ஊசியையே தொடாத மனைவியருக்கும் துணைகளுக்கும் போனது. சிகிச்சைக்கு மலைப்பாதையில் நெடுந்தூரம் போகவேண்டிய ஊர்களில் நோயைக் கண்டுபிடிப்பதும் தாமதமாகும்.

விகிதத்தையும் எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொற்றுள்ளவர்களின் தலைக்கணக்கில் முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு, ஏறத்தாழ 4 லட்சம் பேர். மிசோரத்தின் மொத்த மக்கள்தொகையே 11 லட்சத்தைச் சுற்றித்தான்.

பக்கத்து வீட்டில் சாப்பிடுவதால், பள்ளியில் ஒன்றாக விளையாடுவதால், கொசுக்கடியால் எச்.ஐ.வி. வராது. ஊசி போடும்போது புதிய ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அதை மதுரையிலும் செய்யவேண்டும்.

மகளுக்கு நாமக்கல் பக்கம் ஒரு நல்ல வரன். “லாரி ஊர், எய்ட்ஸ் ஊர்” என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். (தஞ்சாவூர்)

இந்தக் கடிதம் என்னை வருத்தியது. 1990களின் பிற்பகுதியில் கர்ப்பிணிகளிடம் எடுத்த பரிசோதனைகளில் நாமக்கல்லில் தொற்று அதிகமாகத் தெரிந்தது உண்மை. லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் அந்த மாவட்டத்துக்குச் சோறு போடுகின்றன. வண்டியோடு போன ஆண்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. வழியில் வாங்கிய தொற்று வீட்டில் இருந்த பெண்ணுக்கு வந்தது. பிரசவத்துக்குப் போன இடத்தில்தான் பல பெண்களுக்கு விஷயமே தெரிந்தது. அந்தப் பெண்கள் செய்த தவறு என்ன?

அதற்குப் பிறகு நடந்ததையும் உறவினர்களிடம் சொல்லுங்கள். லாரிகள் நிற்கும் இடங்களில் ஆணுறை கிடைத்தது. பிறப்புறுப்புப் புண்களுக்கும் வெட்டை நோய்க்கும் சிகிச்சை கிடைத்தது. புண் இருக்கும் உடலில் எச்.ஐ.வி. எளிதாக நுழையும் என்பதால் இது பெரிய தடுப்பு. இன்று தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியை ஒட்டித்தான் இருக்கிறது.

திருமணத்துக்கு முன் பரிசோதனை நல்லது. ஆனால் மாப்பிள்ளை எந்த ஊராக இருந்தாலும் செய்யவேண்டும். உங்கள் மகளும் செய்துகொள்ளவேண்டும். இருவரும் மனமொத்து, ஒன்றாகப் போகட்டும். சம்மதமில்லாமல் பரிசோதிப்பதையும் முடிவை வெளியே சொல்வதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் சென்னையில்தானே வந்தது? (சேலம்)

முதலில் *கண்டறியப்பட்டது* சென்னையில். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நிர்மலா என்ற மாணவி பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது தொற்று தெரிந்தது. அந்த நாளில் அதைத் தேடிப் போக ஒரு மாணவிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! தேடியதால் கிடைத்தது, தேடாத ஊர்களில் கிருமி இல்லை என்று பொருளில்லை.

நோயை அடுத்த ஊரின் தலையில் கட்டுவது பழைய பழக்கம். சிபிலிஸ் என்ற பால்வினை நோயை, பறங்கியர், அதாவது ஐரோப்பியர் தந்தது என்று நம்மவர்கள் பறங்கிப்புண் என்றார்கள். இத்தாலியர் அதையே பிரெஞ்சு நோய் என்றும், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றும் அழைத்தார்கள்.

இங்கிலாந்தில் கிளமிடியா எண்ணிக்கை பெரிதாக இருக்கிறது. இந்தியாவில் அந்தப் பெயரே கேள்விப்படவில்லையே. நம் ஒழுக்கம்தானே காரணம்? (கோவை)

இல்லை. கிளமிடியா என்பது பாக்டீரியாவால் வரும் பால்வினை நோய். அங்கே 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கென்றே கிளமிடியாப் பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இருக்காது, சோதித்தால்தான் தெரியும். நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்கிறோம். சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பொட்டலம் என்று நிறம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நோயாளி அன்றே மருந்தோடு போய்விடுவார். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் கிருமி என்று பெயர் பதிவாவதில்லை. அறிகுறியே இல்லாத பெண் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். பல ஆண்டுகள் கழித்துக் கருக்குழாய் அடைப்பு, குழந்தையின்மை என்று வந்து நிற்பார். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இரு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

எண்ணும் முறை மாறினால் எண்ணும் மாறும். இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று நம்பியிருந்தோம். 2007இல், வீடு வீடாக நடந்த தேசிய ஆய்வையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 25 லட்சம் ஆனது. யாரும் ஒரே இரவில் குணமாகவில்லை.

இலங்கையில் எச்.ஐ.வி. குறைவு என்கிறார்கள். உண்மையா? (யாழ்ப்பாணம்)

உண்மை. வயதுவந்தோரில் நூற்றுக்கு 0.1க்கும் குறைவு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்ததற்காக 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. இலவச மருத்துவமும், வீடு தேடி வரும் மருத்துவமாதுகளும், கர்ப்பிணிகளுக்குத் தவறாத ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து சாதித்தது அது. ஆனால் அண்மை ஆண்டுகளில் இளம் ஆண்களிடம் புதிய தொற்றுகள் கூடிவருகின்றன; கவனம் வேண்டும்.

மூன்று வாரங்களுக்கு முன் ஆணுறை இல்லாமல் ஒருமுறை உறவு கொண்டேன். எங்கள் மாவட்டத்தில் நோய் குறைவு என்கிறார்கள். பரிசோதனை தேவையா? உள்ளூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. மணமானவன். (திருப்பூர்)

தேவை. மாவட்டத்தின் சராசரி உங்கள் ரத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் 28 நாள் தடுப்பு மருந்து கொடுத்திருப்பார்கள். அந்த நேரம் தாண்டிவிட்டது. இப்போது ஒருமுறை எச்.ஐ.வி., சிபிலிஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி மூன்றுக்கும் சோதியுங்கள். உறவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொரு முறை. சிறுநீர் எரிச்சலோ, சீழோ, வலியில்லாத புண்ணோ இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது முடிவு வரும்வரை மனைவியோடு ஆணுறை இல்லாமல் சேரவேண்டாம்.

எச்.ஐ.வி. தொற்று இருந்தாலும் கலங்காதீர்கள். கூட்டு மருந்து இலவசம். அதை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது மனைவிக்குப் போகாது.

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவு உங்களுக்கு மட்டும். போகுமுன் பேசவேண்டுமானால் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. உள்ளூர் வேண்டாம் என்றால் ஈரோட்டுக்கோ கோவைக்கோ பஸ் ஏறுங்கள். இந்த வாரமே போங்கள்.