‘செக்’ பற்றிக் கேட்டவை

கேள்வி: வங்கியில் கொடுப்பதும் செக், செஸ்ஸில் ராஜாவுக்கு வைப்பதும் செக், ‘செக் பண்ணிட்டு சொல்றேன்’ என்பதிலும் செக். எல்லாம் ஒரே சொல்லா அண்ணா?

ஒன்றேதான், இதில் மூத்தது செஸ் ஆட்டத்துச் செக். இந்தியாவிலிருந்து பாரசீகம் போன சதுரங்கத்தில் ராஜாவுக்கு ‘ஷா’ என்று பெயர், பாதுஷாவில் இருக்கிறதே, அதே ஷா. ராஜா சிக்கினால் ‘ஷா!’ என்று குரல் கொடுப்பார்கள். அரபு வழியாக ஐரோப்பா போய், பழைய பிரெஞ்சில் உருமாறி, ஆங்கிலத்தில் செக் ஆனது. செஸ் என்ற பெயரும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான்.

கேள்வி: ராஜாவுக்கும் சரிபார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?

செக் விழுந்துவிட்டால் நினைத்தபடி ஆட முடியாது, முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் தடுப்பது, கட்டுக்குள் வைப்பது என்ற பொருள் வந்தது. ‘அமைச்சருக்குச் செக் வைத்த கட்சி’ என்று நம் பத்திரிகைக்காரர்கள் தலைப்புப் போடுவது இந்தப் பொருளில்தான். தப்பு நடக்காமல் தடுக்க வேண்டுமென்றால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே, அப்படித்தான் சரிபார்ப்பதும் அதில் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: செக்மேட் என்றால் ‘ராஜா செத்தான்’ என்கிறார்களே?

அரபுக் கண்ணோடு பார்த்தால் அப்படி. செக்மேட்டில் ‘மேட்’ ஆக வந்திருக்கும் ‘மாத்’துக்குப் பாரசீகத்தில் செய்வதறியாமல் நிற்பது என்று பொருள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே.

கேள்வி: பிரிட்டன் நிதியமைச்சர் பதவிப் பெயரில் ‘எக்ஸ்செக்கர்’ என்று வருவதும் இதுதானா?

இதுதான், கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் இதுதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசரின் மாவட்ட அதிகாரிகளான ஷெரிஃப்கள் வரிக்கணக்கை ஒப்படைக்க வரும்போது, பத்தடி நீளம் ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை, அதன்மேல் கோடு போட்ட துணி விரித்திருக்கும். பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி, கட்டத்தில் காய் வைத்து நகர்த்தித்தான் கூட்டல் கழித்தல் எல்லாம். பார்க்கச் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்ததால், பலகைக்கான பிரெஞ்சுப் பெயரே கஜானாவுக்கும் ஆகிவிட்டது. கட்டம் போட்ட சட்டையைச் செக்குடு ஷர்ட் என்பதும் இந்தப் பலகையை வைத்துத்தான்.

கேள்வி: பேங்க் செக்குக்கு மட்டும் ஏன் கடைசியில் க்யூ, யு, இ?

18ஆம் நூற்றாண்டில் கள்ளக் கையெழுத்து, தொகைத் திருத்தம் இதையெல்லாம் தடுக்க, தாளைக் கிழித்துக் கொடுத்த பிறகும் கையில் வைத்திருந்த அடிக்கட்டைக்குத்தான் செக் என்று பெயர். அப்புறம் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அது ஆகிவிட்டது. எக்ஸ்செக்கர் எழுத்தைப் பார்த்து பிரிட்டிஷார் பின்னாளில் க்யூ போட்டார்கள், அமெரிக்கர்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள். நம் காசோலையில் இருப்பது பிரிட்டிஷ் எழுத்து, தேர்வில் அதையே எழுதுங்கள்.

கேள்வி: செக் நாடு? மரச்செக்கு?

இரண்டும் வேறு ஐயா, ஒலி மட்டும்தான் ஒன்று.

கேள்வி: அமெரிக்க நண்பரைச் சாப்பிடக் கூப்பிட்டேன், ‘ரெயின் செக்’ என்றார். வருவாரா மாட்டாரா?

இன்றைக்கு வரமாட்டார். 1880களில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கச் சீட்டு கொடுத்தார்கள், அதன் பெயர் அது. இன்னொரு நாள் கூப்பிடுங்கள். அவர் ஊர் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் ‘செக்’ என்று கேட்டால் பயப்படாதீர்கள், பில்லைத்தான் கேட்கிறார்.