தீபாவளிக்கு மாட்டுக்கு மயக்க ஊசி போடலாமா?

கேள்வி: அய்யா, வணக்கம். உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும் ஒரு கோம்பை நாயும் இருக்கின்றன. போன தீபாவளி ராத்திரி பக்கத்துத் தோட்டத்தில் சரவெடி வைத்தபோது பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கம்பி வேலியில் மோதி, மடியில் கீறிக்கொண்டது. அடுத்த இரண்டு நாள் பால் சரியாக இறங்கவில்லை. இப்போது அது எட்டு மாதச் சினை. நாய்க்கு ஆறு வயது. முன்பெல்லாம் வெடிக்குப் பயப்படாது, இரண்டு வருடமாகத்தான் இப்படி. போன வருடம் சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி மூன்றாம் நாள்தான் வந்தது. காட்டுப்பன்றி விரட்ட நாங்கள் வெடி போட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, காவலுக்கு வருவதில்லை. மருந்துக்கடைக்காரர் மாட்டுக்கு ஒரு மயக்க ஊசியும் நாய்க்கு ஒரு மாத்திரையும் தருகிறேன், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கொடுத்தால் விடியும்வரை அசையாது என்கிறார். எத்தனை மில்லி போடலாம்? தீபாவளிக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது.

பதில்: ஒரு மில்லிகூட வேண்டாம்.

கடைக்காரர் சொல்லும் ஊசி பெரும்பாலும் சைலசினாகத்தான் இருக்கும். குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டைப் படுக்க வைத்துவிடும். அவ்வளவு வேகமாகப் பிடிக்கிற மருந்து அது. அதோடு கருப்பையைச் சுருங்க வைக்கும் குணமும் அதற்கு உண்டு. அதனால்தான் நிறைசினை மாட்டுக்கு டாக்டர்களே அதைத் தொடத் தயங்குவார்கள். எட்டு மாதச் சினையில் போட்டால் குறைமாதத்தில் கன்று விழலாம். இரைப்பையின் அசைவு நின்று வயிறு உப்பும். எச்சில் ஊறி வழியும்போது மாடு தலை சாய்ந்து படுத்திருந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். வேலியில் மோதினால் கீறல். இந்த ஊசி பிசகினால் கன்றோடு தாயும் போகும்.

நாய்க்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. அசெப்ரோமசின் என்றால் அதுவும் வேண்டாம். அது உடம்பைத்தான் கட்டிப்போடும். காது கேட்கும், பயம் அப்படியே இருக்கும், ஓட மட்டும் முடியாது. வெளியே பார்க்கிற நமக்கு நாய் அமைதியாகிவிட்டதாகத் தெரியும். அடுத்த வருடம் அது இன்னும் மோசமாக நடுங்கும். பயத்தையே குறைக்கிற மருந்துகள் வேறு இருக்கின்றன. நாயின் எடை, ஈரல், இதயம் எல்லாம் பார்த்து டாக்டர் எழுத வேண்டியவை அவை. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, வெடி இல்லாத ஒரு நாளில் ஒருமுறை கொடுத்து எப்படி ஏற்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும்.

மருந்துக்கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. மாட்டைக் கண்ணால் பார்க்காமல், சினையா வெறுமையா என்று கேட்காமல், சீட்டு இல்லாமல் ஊசியை எடுத்து நீட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மாடு வயிறு உப்பிக் கிடந்தால் அவர் வரமாட்டார். 'பயம் போக்கும் டானிக்' என்று கலர் பாட்டில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பால் இறங்காததற்கு ஆக்சிடோசின் போடச் சொல்லியிருந்தால், அந்தக் கடைக்கு இனி போகவே வேண்டாம். போன வருடம் பால் அடங்கியதற்குக் காரணம் மிரட்சி. மிரண்ட மாட்டின் ரத்தத்தில் அட்ரினலின் ஏறும், அது பாலை இறக்கும் சுரப்பைத் தடுக்கும். அரை மணி நேரம் அமைதியாக விட்டிருந்தால் அந்த வேளைப் பாலே வந்திருக்கும். இரண்டு நாள் இழுத்ததற்கு மடிக் காயத்தின் வலியும், கறக்காமல் தேங்கிய பாலும் காரணமாக இருந்திருக்கும்.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். நாலு வயதுவரை வெடிக்கு அஞ்சாத கோம்பை, இரண்டு வருடமாக ஏன் அஞ்சுகிறது? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு நீங்கள் வெடி போடுகிறீர்கள். தீபாவளி வருடத்துக்கு ஒருமுறை. மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டால் உங்கள் தோட்டத்தில் தினமும் தீபாவளி. நாய் எங்கே இருந்திருக்கும்? உங்கள் காலடியில், அல்லது தோட்டத்து வீட்டுப் பக்கத்தில் சங்கிலியில். நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல்வரை சத்தம் போட ஒரு பட்டாசுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. நாட்டு வெடி எந்தக் கணக்கிலும் அடங்காது. நம்மைவிடக் கூர்மையான காது நாய்க்கு. கட்டிப்போட்ட நிலையில் அந்தக் காதுக்குப் பக்கத்தில் ராத்திரிக்கு ராத்திரி வெடித்தால், சத்தம் என்றாலே ஆபத்து, தப்பவும் வழியில்லை என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

பன்றியைப் பாருங்கள். முதல் வாரம் ஓடும். அடுத்த வாரம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். பிறகு வெடிச் சத்தத்திலேயே மேயும். அதற்குக் காரணம் உண்டு. சத்தம் தூரத்தில் கேட்கிறது, அடி விழுவதில்லை, சத்தம் ஓய்ந்ததும் வாய் நிறையப் பால்பிடித்த கதிர் கிடைக்கிறது. சத்தம், உடனே தீனி. இதே பாடத்தைத்தான் உங்கள் நாய்க்கும் பசுவுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் பன்றிக்கு அதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாய்க்கு நேர்மாறான பாடத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபானி ரீமர், ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் வாணவெடிப் பயத்துக்கு என்னென்ன செய்தார்கள், எது பலித்தது என்று கேட்டுத் தொகுத்தார். வெடித்தவுடன் தீனியோ விளையாட்டோ கொடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பலன் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூலிகைச் சொட்டு, வாசனைத் தைலம் வகையறாக்கள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. தொழுவத்து மாட்டுக்கும் இதே வழி நன்றாகவே வேலை செய்யும். கொம்பு ஊதினால் தொட்டிக்கு வருகிற மாடு, பால் குவளைச் சத்தம் கேட்டால் மடி சுரக்கிற மாடு எல்லாம் இந்தப் பழக்கம்தானே.

எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். முதல் விதி, சத்தம் முன்னால், தீனி பின்னால். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் தீனி வந்துவிட வேண்டும். தீனியை நீட்டிவிட்டுச் சத்தம் போட்டால், பருத்திக்கொட்டையைக் கண்டாலே மாடு மிரளும். இரண்டாவது, மிரளாத சத்தத்தில் தொடங்க வேண்டும். பசு படுத்து அசைபோடும் நேரத்தில், தோட்டத்தின் மறுகோடியில் ஒருவர் தகரத் தட்டை ஒருமுறை தட்டட்டும். அசைபோடுவது நிற்காமல் இருந்தால் சரியான அளவு. உடனே ஒரு கை பருத்திக்கொட்டையோ புண்ணாக்கோ கொடுங்கள். அசை நின்று, காது விறைத்து, கண்ணில் வெள்ளை தெரிந்தால் சத்தம் அதிகம், ஆளை இன்னும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காலையும் மாலையும் சில தட்டுகள் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பத்தடி பக்கத்தில் வரலாம். ஒரே நாளில் ஐம்பது அடி வந்தால் செய்ததெல்லாம் வீண்.

நாய்க்குக் கைபேசியில் வெடிச் சத்தத்தைப் பதிவிறக்கி, காதில் விழுந்தும் விழாத அளவில் போட்டு, அவித்த முட்டைத் துண்டோ உப்புக் கழுவிய கருவாடோ கொடுங்கள். அன்றாடச் சோறு இதற்கு ஆகாது, வேறு நேரத்தில் கிடைக்காத பண்டமாக இருக்க வேண்டும். பண்டத்தை முகர்ந்துவிட்டு வாங்காமல் நின்றால் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கைபேசியில் ஒரு குறை உண்டு. 'டமார்' வரும், அடிவயிற்றில் இறங்குகிற அதிர்வு வராது. நாய்க்குப் பாதிப் பயம் அந்த அதிர்வில்தான். அதற்கு வீட்டுக்குப் பின்னால் ஒருவர் மண் நிரப்பிய சாக்கைத் தொப்பென்று தரையில் போடட்டும், நீங்கள் உள்ளே முட்டை கொடுங்கள்.

இந்த இருபது நாளும் உங்கள் தோட்டத்தில் ஒரு வெடிகூட வெடிக்கக் கூடாது. ஒரே ஒரு பெரிய வெடி போதும், பத்து நாள் வேலை பாழ். பன்றிக்கு டார்ச்சும், வரப்பில் பழைய சேலை வேலியும் வைத்துச் சமாளியுங்கள். முடிந்தால் சோலார் வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். யாராவது அவுட்டுக்காய் வைக்கலாம் என்று யோசனை சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடித்தால் வெடிக்கிற அந்தக் காய் பன்றிக்கும் பசுவுக்கும் வித்தியாசம் பார்க்காது. மேய்ச்சலில் அதைக் கடித்துத் தாடை சிதறி, தின்னவும் முடியாமல் சாகவும் முடியாமல் கிடந்த மாடுகள் உண்டு. சட்டப்படியும் குற்றம்.

நாயைப் பற்றி இன்னொன்று. வயது வந்த பிறகு புதிதாகச் சத்தப் பயம் தொடங்கினால் மூட்டு, இடுப்பு வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியுள்ள உடம்பு சத்தத்தில் விறைக்கும்போது வலி கூடும், சத்தமும் வலியும் ஒன்றாகப் பதிந்துவிடும். பிரிட்டன், பிரேசில் ஆய்வாளர்கள் 2018-ல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். கட்டிலில் ஏறத் தயங்குகிறதா, காலையில் எழும்போது பின்னங்கால் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் வலிக்கு வைத்தியம் செய்யாமல் முட்டை கொடுத்துப் பயன் இல்லை.

இருபது நாளில் முழுப் பயமும் போகாது, பாதி தெளிந்தாலே நல்லது. தீபாவளிக்கு ஏற்பாடு தனியாக வேண்டும். பசுவைப் பக்கத்துத் தோட்டத்து எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் மாற்றிக் கட்டுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் அளவுக்குக் குறையும். சாக்குப் படுதா சத்தத்தைத் தடுக்காது, வெளிச்சத்தை மறைக்கும், அதற்காகக் கட்டலாம். தீபாவளி அன்றுதான் முதன்முதலாகப் புது இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், இந்த வாரமே பழக்குங்கள். மூக்கணாங்கயிற்றில் கட்டவே கூடாது, மிரண்டு இழுத்தால் மூக்குச் சவ்வு கிழியும். கழுத்தில் அகலமான பட்டை, இழுத்தால் நீங்கள் ஒரு கையால் அவிழ்க்கிற முடிச்சு, படுத்து எழும்ப மட்டும் நீளம். சுருக்கு விழுகிற முடிச்சு போடாதீர்கள். சோளத்தட்டை நறுக்காமல் முழுசாகப் போடுங்கள், மென்றுகொண்டே இருக்கட்டும். சோளத்தட்டுப் போர் பக்கத்தில் நாலு குடம் தண்ணீர் இருக்கட்டும், ராக்கெட் யார் வீட்டுப் போர் என்று பார்த்து விழாது.

2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு வெடி வைக்க இரண்டு மணி நேரம்தான் என்றது. நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்தார்கள். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு விடிகாலை நாலு மணிக்கே பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நாயை முதல் நாள் பொழுது சாயும் முன்பே ஒரு சுற்று கூட்டிப்போய்விட்டு வந்து, உள் அறையில் சங்கிலி இல்லாமல் விட்டுக் கதவைச் சாத்துங்கள். மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். உங்களிடம் வந்து ஒண்டினால் தடவிக்கொடுங்கள். 'செல்லம் கொடுத்தால் பயம் கூடும்' என்று சொல்வதை நம்பாதீர்கள், பயம் என்பது நாய் போடுகிற நாடகம் இல்லை. நிஜ வெடி ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு முட்டை போய்க்கொண்டே இருக்கட்டும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சினை மாட்டைச் சொல்லிப் பேசினீர்களா? கடிதத்தில் காணோம். பேசுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காக எத்தனையோ வருடமாகத் தீபாவளிக்கு வெடியே வைப்பதில்லை. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அப்படித்தான். உங்கள் பக்கத்து வீட்டாரிடம் நீங்கள் கேட்கப்போவது அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. சரவெடியை அவர் தோட்டத்தின் அந்தக் கோடியில் வைத்தால் போதும்.

தீபாவளி அன்று டாக்டர் கிடைப்பது கஷ்டம். இந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கூட்டிப்போய் இடுப்பையும் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். பசுவுக்கு எந்தத் தேதியில் சினை ஊசி போட்டது என்பதையும் அங்கே சொல்லி, கன்று ஈனும் நாளைக் கணக்குப் போட்டு வையுங்கள். அன்று ராத்திரி பசு அடிக்கடி படுத்து எழுந்தாலோ, வாலைத் தூக்கியபடி நின்றாலோ, பிறப்புறுப்பில் ஒழுக்கு கண்டாலோ விடியட்டும் என்று காத்திராமல் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்சுக்கு 1962-லும் அழைத்துப் பாருங்கள். எட்டு மாதச் சினை, மிரண்டிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.