சட்டல்ஹோயூக்கில் பட்டறை எங்கே இருந்தது?

கேள்வி: முதல் விவசாயக் கிராமங்களில் குயவர், கல் செதுக்குபவர் என்று தனித் தொழிலாளர்கள் இருந்தார்களா, இல்லை வீட்டுக்கு வீடு அவரவரே செய்துகொண்டார்களா?

வேலை வீட்டுக்குள்தான் நடந்தது. ஆனால் எல்லாரும் எல்லாமும் செய்தார்கள் என்றால் பாதிதான் சரி. துருக்கியில் கோன்யா சமவெளியில் உள்ள சட்டல்ஹோயூக்கை வைத்துச் சொல்கிறேன். பொ.ஆ.மு. 7100 வாக்கில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த மேடு, சுமார் 13 ஹெக்டேர். தோண்டிய பகுதியில் பட்டறை, பொதுக் களஞ்சியம் என்று ஒரு கட்டடமும் கிடைக்கவில்லை. 1960களில் அகழ்ந்த தொல்லியலாளர் மெல்லார்ட் கோவில் என்று நினைத்த அறைகளிலும் அடுப்பு இருந்தது, வேலை நடந்த தடயமும் இருந்தது.

வீட்டைப் பாருங்கள். பச்சைச் செங்கல் சுவர். கூரைத் துளை வழியாக ஏணியில் இறங்க வேண்டும். பெரும்பாலும் தெற்கே ஏணி, அதன் அடியில் அடுப்பு. புகை போவதும் அதே துளைதான். வடக்கிலும் கிழக்கிலும் வெண்மண் பூசிய மேடைகள், அவற்றின் கீழே இறந்தவர்கள். பக்கத்து அறையில் களிமண் குதிர்கள்.

தரையைக் கூட்டிச் சுத்தமாக வைத்ததால் பெரிய பொருள் எதுவும் மிஞ்சாது. ஆகவே ஆய்வாளர்கள் தரைமண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சலிக்கிறார்கள். அடுப்படி மண்ணில், கருவி செதுக்கிய எரிமலைக் கண்ணாடிக் கல்லின் மில்லிமீட்டர் அளவுச் சிராய்கள் கிடைக்கும். வெள்ளை மேடையில் அவை அரிது. விளக்குமாற்றுக்குத் தப்பி மிதிபட்டுப் புதைந்த தூசிதான் இங்கே சாட்சி. மூலக்கல் 150 கிலோமீட்டருக்கும் அப்பால், நடுத் துருக்கியின் எரிமலைப் பகுதியான கப்படோக்கியாவிலிருந்து பாதி செதுக்கிய நிலையில் வரும். அதை அடுப்பருகே குழி தோண்டிப் புதைத்து, வேண்டும்போது எடுத்துச் செதுக்குவார்கள்.

செங்கல்லும் இப்படித்தான். மண் கலவை வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளுக்கும் தனித்தனிச் சுவர். தொடக்கத்தில் பயன்படுத்திய கொழுத்த களிமண் ஈரத்தில் ஊதி, காய்ந்தால் சுருங்கும். சுவர் சாயும், மரத்தூண் முட்டுக்கொடுக்க வேண்டிவரும். பிறகு மணற்பாங்கான மண்ணுக்கு மாறினார்கள்.

பாதி சரி என்றேனே, அதற்குக் காரணம் பொ.ஆ.மு. 6500ஐ ஒட்டிக் கல் கருவியில் வந்த மாற்றம். அதுவரை தட்டிப் பெயர்த்த சில்லுகளே அதிகம். பிறகு அழுத்திப் பெயர்த்த நீண்ட அலகுகள், அதாவது கத்திபோன்ற கல் கீற்றுகள், பெருகுகின்றன. மூலக்கல்லை அசையாமல் பிடித்து, கூர்முனையால் உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். விசை கொஞ்சம் பிசகினால் அலகு பாதியில் மடிந்து முறியும், கல்லின் அந்த முகமே பாழ். பழகிய கை இல்லாமல் இது வராது.

பானையிலும் அதே கதை. முன்பு களிமண் உருண்டைகளைத் தணலில் சூடாக்கிக் கூடையில் போட்டுச் சமைத்தார்கள் என்று கருதுகிறார்கள். உருண்டை ஆற ஆற மாற்ற வேண்டும், ஆள் நகர முடியாது. முதலில் வந்த பானைகள் உமி கலந்தவை, தடித்தவை, சூடு ஏறாதவை. பிறகு வந்த மெல்லிய சமையல் பானையில் எரிமலை மணல் இருக்கிறது, அது அந்தச் சமவெளி மண்ணே அல்ல. அங்கேதான் வீட்டுக்கு வெளியே இன்னொரு கை தெரிகிறது.