உரிமம் முடிகிறது, மெடிக்கல் முடிவு வரவில்லை: லாரி ஓட்டலாமா?

பெரும்பாலும் ஓட்டலாம். உரிமம் முடியும் முன்பே புதுப்பிக்கும் விண்ணப்பம் டிவிஎல்ஏ (பிரிட்டனின் ஓட்டுநர் உரிம அலுவலகம்) கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், பிரிட்டனின் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 88ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஓட்டத் தகுதியுண்டு என்று உங்கள் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். பழைய உரிமத்தில் இருக்கும் வகை வண்டி மட்டும்தான். அதிகபட்சம் 12 மாதம்.

ஆறு வாரமாகப் பதில் இல்லை, சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதாக டி4 படிவத்தில் (லாரி உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனை அறிக்கை) எழுதியிருக்கிறது என்கிறீர்கள். அநேகமாக உங்கள் ஜிபிக்கு (குடும்ப மருத்துவர்) டிவிஎல்ஏவின் கேள்விக் கடிதம் போயிருக்கும். அவருடைய கிளினிக்குக்குப் போன் செய்து, "டிவிஎல்ஏ கடிதம் வந்ததா, பதில் போனதா?" என்று வரவேற்பில் கேளுங்கள். மேசையிலேயே கிடப்பதும் உண்டு.

அப்புறம் டி4 நகலை எடுத்துப் பாருங்கள். பார்வைப் பகுதியில் கண்ணாடி பற்றிய ஒரு கட்டத்தை மருத்துவர் விட்டுவிட்டதால் என் படிவம் முழுதாகத் திரும்பி வந்தது. மூன்று வாரம் போச்சு. கையெழுத்துத் தேதியும் முக்கியம்: பரிசோதனை நடந்து நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் சேர வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். மருத்துவக் காரணத்தால் உரிமம் ரத்தாகியிருந்தாலோ மறுக்கப்பட்டிருந்தாலோ 88ஆம் பிரிவு செல்லாது. பிரான்ஸ், நெதர்லாந்து சவாரிக்கும் இதை நம்பிப் போகாதீர்கள். சட்டம் அனுமதித்தாலும் உங்கள் கம்பெனி வேண்டாம் எனலாம், அதனால் அனுப்பிய ரசீதோடு மேலாளரிடம் இன்றே பேசிவிடுங்கள்.