குறுவையையும் சம்பாவையும் ஒப்பிடுவது ‘ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்’ ஆகுமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் கணக்கைக் கவனித்து வருகிறேன். ஏ.டி.டி. 43 என்ற நெல் ரகத்தின் குறுவை மகசூலையும் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தின் சம்பா மகசூலையும் ஆண்டறிக்கையில் ஒரே அட்டவணையில் கொடுத்திருந்தேன். அதைப் பார்வையிட்ட அதிகாரி, ஓரத்தில் ‘ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். இதன் பொருள் என்ன? அட்டவணையை நீக்கிவிட வேண்டுமா?

பதில்: நீக்க வேண்டாம், திருத்தினால் போதும். அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டைப் பொது அளவு எதுவும் இல்லாமல் அருகருகே வைத்து, இது மேல், அது கீழ் என்று தீர்ப்புச் சொல்லும்போது, அந்த ஒப்பீடு செல்லாது என்று மறுப்பதற்கே ஆங்கிலத்தில் இத்தொடரை ஆளுகிறார்கள். நம் ‘மலைக்கும் மடுவுக்கும்’ என்பதில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற எண்ணம் உண்டு. இதில் அது இல்லை. ஆகவே, உங்கள் குறுவையை யாரும் குறைத்துச் சொல்லிவிடவில்லை.

ஆனால், எந்த அடிப்படை வேறுபடுகிறது என்று சொல்லாமல் இத்தொடரை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது முறையன்று என்பது என் உறுதியான கருத்து. ஏ.டி.டி. 43 ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வரும் சன்ன ரகம், சி.ஆர். 1009 சுமார் 155 நாள் வயலில் நிற்கும் மோட்டா ரகம். ஏக்கருக்குக் குறுவை 2,200 கிலோவும் சம்பா 2,480 கிலோவும் கண்டதாக வைத்துக்கொண்டால், மொத்தத்தில் சம்பாவே மிஞ்சும். நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தாலோ குறுவை நாளொன்றுக்கு 20 கிலோ, சம்பா 16 கிலோ. அட்டவணையில் இரண்டு கணக்கையும் காட்டி, வயது நாட்களையும் எழுதுங்கள்.

ஈரப்பதம் இதைவிட முக்கியம். குறுவை அறுவடை பெரும்பாலும் மழையில் சிக்கிக்கொள்கிறது. சம்பாவோ தை, மாசி வெயிலில் களத்துக்கு வருகிறது. 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ நிற்கும் நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தபின் 93 கிலோதான் இருக்கும். 100-இலிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, வரும் எண்ணால் எடையைப் பெருக்கி, 86-ஆல் வகுத்தால் எல்லா எடையும் 14 சதவீத ஈரத்துக்கு மாறிவிடும். இதைச் செய்யாத அட்டவணைக்கு அதிகாரியின் குறிப்பு முற்றிலும் பொருந்தும்.

அலகு வேறாக இருப்பது மட்டும் இத்தொடருக்குள் வராது. ஒருவர் ஒரு மா நிலத்துக்கு 12 மூட்டை என்கிறார். கொள்முதல் நிலையத்தில் போட்ட இன்னொருவர் ஏக்கருக்கு 54 சிப்பம் என்கிறார். மூட்டை 60 கிலோ, சிப்பம் 40 கிலோ, மூன்று மா ஓர் ஏக்கர் என்று கொண்டால் இருவருக்கும் ஏக்கருக்கு 2,160 கிலோதான்.

‘ஆப்பிள்ஸ் டு ஆரஞ்சஸ்’ என்றும் சொல்வதுண்டு; சமமானவற்றை ஒப்பிடுவது ‘ஆப்பிள்ஸ் டு ஆப்பிள்ஸ்’. இரண்டும் பேச்சுக்கு ஏற்றவை. ஆங்கில அறிக்கையில் ‘லைக் ஃபார் லைக்’ என்று எழுதி, எந்த ஈரப்பதத்துக்கு, எந்த அலகுக்கு மாற்றிய கணக்கு என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.